எங்க ஒட்டு வேலைக்குக் கைதட்டாதீங்க

போன வாரம் சென்னையில வேலை பாக்கற தங்கச்சி பையன் வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு ஊர்ல டிராக்டர் டிப்பரோட ஜாக்கி ஆடுதுன்னு, பழைய இரும்புப் பட்டா ஒண்ணைக் குறுக்கே வெச்சு, கட்டுக்கம்பியில இறுக்கி, மேல நாலு டாக் வெல்டிங் அடிச்சு, சுமையைத் தூக்கிக் காட்டறாங்க. கூடி நிக்கறவங்க விசில் அடிக்கறாங்க. "மாமா, நம்ம கிராமத்து மூளையைப் பாருங்க, எஞ்சினியர் தோத்தான்"னு இவன் வேற கீழ எழுதியிருக்கான்.

பதில் போடலை. போட்டிருந்தா கெட்ட வார்த்தை வந்திருக்கும். அதனாலதான் இங்க எழுதறேன்.

டிப்பர் ட்ரெய்லர் பாக்காதவங்களுக்குச் சொல்லிடறேன். டிராக்டருக்குப் பின்னால மாட்டற வண்டி. தொட்டி தனி, அதைத் தாங்கற சேஸ் தனி. பின்னால ரெண்டையும் கீல் மாதிரி பின் போட்டு இணைச்சிருப்பாங்க. நடுவுல ஹைட்ராலிக் ஜாக்கி. டிராக்டர்ல லீவரைத் தள்ளினா ஆயில் ஹோஸ் வழியா போய் ஜாக்கி நீளும், தொட்டி முன்பக்கம் தூக்கிட்டு பின்னால சுமை சரியும். ஜாக்கியோட அடிமுனை சேஸ் குறுக்குச் சேனல்ல ஒரு பிராக்கெட்டுல உக்காந்திருக்கும். நாலு போல்ட். ஜாக்கி சாஞ்ச நிலையில இருந்து தூக்க ஆரம்பிக்கறதால, ஏத்தின பாரத்தைவிடக் கூடுதலான அழுத்தம் அந்த நாலு போல்ட்டு மேல விழும். அதுல ஒண்ணு தளர்ந்தாலும் மத்த மூணும் நாள்பட நிக்காது.

எங்க ட்ரெய்லர் 2006ல வாங்கினது. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்களுக்குக் குச்சிக்கிழங்குதான் முக்கியம், சேகோ பேக்டரிக்கு இதுலதான் ஓட்டறோம். மீதி நாள் எரு, மணல், ஜல்லி. எரு ஓட்டிட்டு கழுவாம விட்டா இரும்பு கெட்டுப் போகும். மூலையில ஒட்டின சாணம் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். யூரியா, பொட்டாஷ் மூட்டை கிழிஞ்சு கொட்டினா இன்னும் மோசம். வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், சேனலுக்கு உள்பக்கம் அப்பளமா உதிரும்.

முதல் தடவை ஜாக்கி தூக்கறப்ப "டக்"னு ஒரு சத்தம் கேட்டுச்சு. இறங்கிப் பாத்தேன். போல்ட்டைச் சுத்தி காவிப்பொடி வழிஞ்சிருந்துச்சு. உள்ள இரும்பு இரும்போட உரசுதுன்னு அதுக்கு அர்த்தம். எனக்கு அப்பத் தெரியலை. ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன். சத்தம் நின்னுச்சு. பத்து நாள் கழிச்சு மறுபடி வந்துச்சு. மறுபடி இறுக்கினேன்.

இங்கதான் எல்லாரும் ஏமாந்து போறோம். போல்ட் தளர்றது நோய் இல்லைங்க, காய்ச்சல் மாதிரி வெளிய தெரியற அடையாளம். அது பிடிச்சிருக்கிற இரும்பு இத்துப் போயிருக்கு, வட்டமா இருந்த ஓட்டை நீள்வட்டமா தேஞ்சிருக்கு. இத்துப் போன பல்லுல எவ்வளவு நேரம் கடிப்பீங்க? இறுக்க இறுக்க சேனல்தான் நசுங்கும்.

அப்புறம் பட்டறை. "ஒரு ஓட்டு ஓட்டிடலாங்ணா"ன்னு துரு மேலயே, பெயிண்ட் மேலயே வெல்டிங். ஐநூறு ரூபா. துரு மேல அடிச்ச வெல்டிங் இரும்பைப் பிடிக்காது, துருவைத்தான் பிடிக்கும். அதோட சேனல் ஓரத்துல குறுக்கா ஒரு கோடு இழுத்துட்டா அந்தக் கோட்டை ஒட்டியே விரிசல் விடும். ரெண்டு வருசத்துல நாலு தடவை இப்படி ஓட்டினோம். பட்டறைக்காரரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது? துருவைச் சுரண்ட அரை நாள் ஆகும், அந்த அரை நாளுக்கு நாங்க யாரும் கூலி குடுக்கறதில்லை. எரிஞ்ச ராடை எண்ணித்தான் காசு குடுக்கறோம்.

போன தையில ஒருநாள் சேகோ பேக்டரி களத்துல தொட்டி முழுசா தூக்கி நிக்குது. கிழங்கு பாதி சரிஞ்சு, மீதி மூலையில சிக்கிக்கிச்சு. தம்பி மகன் அடியில குனிஞ்சு போய்க் கீழிருந்து தட்டி விடலாம்னு போனவன், கடப்பாரை எடுக்கத் திரும்பி நாலு எட்டு வெச்சான். பிராக்கெட் ஒரு பக்கம் பிச்சுக்கிட்டு ஜாக்கி சாஞ்சுது. தொட்டி கோணலா திரும்பி சேஸ் மேல வந்து விழுந்துச்சு. அந்தச் சத்தம் இன்னைக்கும் ராத்திரியில கேக்குது. பையனுக்குப் பத்தொம்பது வயசு.

அன்னைக்கு யாரும் வீடியோ எடுக்கலை.

பட்டணத்துல இருக்கிறவங்களை ஒண்ணு கேக்கறேன். உங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்டைக் கட்டுக்கம்பியில கட்டி வெச்சிருந்தா "என்ன மூளை"ன்னு பாராட்டுவீங்களா? அசோசியேஷன்ல சண்டை போட்டு ஒரே நாள்ல ஆள் வர வெப்பீங்க. உங்க உயிருக்கு ஒரு அளவு, எங்க உயிருக்கு வேற அளவா? ஜுகாடுன்னு இந்தியில ஒரு பேரு வெச்சு அதைப் பெருமையாக்கிட்டீங்க. எங்களுக்கு அது பெருமை இல்லைங்க. கையில காசு இல்லை, வேலை நிக்கக் கூடாது, அதனால பண்றது.

இன்னொரு கூட்டம் இருக்கு. "இவ்வளவு ரிஸ்க் எதுக்கு, பழசைத் தள்ளிட்டு புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்றவங்க. கிழங்கு விலை என்னன்னு கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. பழசுங்கறது குத்தம் இல்லை. முறையா சரி பண்ணின பழைய வண்டி, கவனிக்காத புது வண்டியைவிட நல்லாவே ஓடும்.

முறைன்னா என்ன? நாங்க கடைசியில பண்ணினதைச் சொல்றேன். நாமக்கல்ல லாரி பாடி கட்டின அனுபவம் உள்ள ஒரு பெரியவர் வந்தார். வந்ததும் வெல்டிங் மெஷினைத் தொடலை. முதல்ல தொட்டியைத் தூக்கி, ரெண்டு பக்கமும் கனமான முட்டு குடுத்தார். ஜாக்கியை நம்பி அடியில போகக் கூடாதுன்னார்; ஹோஸ் ஒண்ணு வெடிச்சாலே தொட்டி இறங்கிரும். அப்புறம் பிராக்கெட்டைக் கழட்டி, சேனலைச் சுத்தியால தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். மொட்டைச் சத்தம் வந்த இடத்துக்கெல்லாம் சாக்பீஸ்ல கோடு. கோடு போட்டதை வெட்டி எடுத்துட்டு, நல்ல இரும்பு பளிச்சுன்னு தெரியற வரைக்கும் கிரைண்டர். புதுச் சேனல் துண்டு. அதுக்குப் பின்பக்கம் பிராக்கெட்டைவிடப் பெரிசா பத்து எம்எம் பிளேட், பாரம் நாலு ஓட்டையில குவியாம பரவணும்கறதுக்காக. தலையில 8.8ன்னு போட்ட புது போல்ட், கழராத நைலாக் நட்டு. தேஞ்ச பின்னும் புஷ்ஷும் மாத்தினார். வெல்டிங் எர்த்தை வேலை நடக்கற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டினார். கரண்ட் ஜாக்கி ராடு வழியா போனா ராடு பாழாயிரும்னு சொன்னார். கடைசியா ரெட் ஆக்சைடு. பத்து நடை ஓடினதும் நட்டுகளைத் திரும்பப் பாக்கணும்னு சொல்லிட்டுப் போனார்.

நாலு நாள் ஆச்சு. 14,600 ரூபா. வாடகை போனது தனி. ஒட்டு வேலைக்கு நாலு தடவை குடுத்தது ரெண்டாயிரம்தான், அதுதான் எங்களை மயக்குச்சு.

வழியில உடைஞ்சு நின்னு, மழை இருட்டிட்டு வர்றப்ப, ஒரு கட்டு போட்டுச் சுமையை வீடு சேக்கறது தப்பே இல்லை. நானும் நாளைக்கே பண்ணுவேன். அந்தக் கட்டை அப்படியே விட்டுட்டு ஆறு மாசம் ஓட்டறதுதான் தப்பு. அதுக்கு நானே சாட்சி.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி வீடியோ வந்தா கைதட்டறதுக்கு முன்னால, "இதை எப்பங்க முழுசா சரி பண்ணப் போறீங்க?"ன்னு ஒரு கேள்வி போடுங்க. எங்களுக்குக் கோவம் வரும். வரட்டும், அந்தக் கேள்வியை என்கிட்ட யாராவது ரெண்டு வருசம் முன்னால கேட்டிருக்கணும்.

தம்பி மகன் இப்ப முட்டு வெக்காம தொட்டிக்கு அடியில போறதில்லை. நான் மறந்தாலும் அவன் விடறதில்லை. நட்டு பாக்கற நாள் இன்னைக்கு, ஸ்பேனரோட வாசல்ல நிக்கறான். வர்றேங்க.