பிராசிக்யூட்டர் நாற்காலியும் பணமூட்டையும்

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தலைமை பிராசிக்யூட்டரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் மீது வழக்கு, யார் மீது இல்லை என்று தீர்மானிக்கும் பதவி அது. 2019ல் சான்பிரான்சிஸ்கோவில் சேசா பௌடின் வென்றார். 1981ல் அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஆயுதக் கொள்ளை வழக்கில் தாய் தந்தை இருவரும் சிறை சென்றனர். சிறையில் மனுப் போட்டுப் பெற்றோரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. பின்னர் ஏழைகளுக்கு வாதாடிய வக்கீல்.

2020 ஜனவரியில் பதவியேற்றதும் ரொக்க ஜாமீன் கேட்பதை நிறுத்தினார். பணமுள்ளவன் வீட்டுக்கு, இல்லாதவன் சிறைக்கு என்றால் அது நீதியா? உணவு கொண்டு சேர்க்கும் உழைப்பாளிகளைத் தொழிலாளர் என ஏற்காமல் உரிமைகளை மறுப்பதாக டோர்டேஷ் கம்பெனி மீது வழக்குப் போட்டார். ஆயுதமற்ற ஒருவரைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் துணிந்தார்.

பணமூட்டைகள் சும்மா இருக்குமா? அவரைத் திருப்பியழைக்கும் ஓட்டெடுப்புக்குப் பெரும் முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டினர். 2022 ஜூனில் 55 சதவீதம் பேர் எதிராக ஓட்டளிக்க, பதவி போயிற்று. போலீஸ்காரர் மீதான வழக்கு 2023ல் கைவிடப்பட்டது.

பணம் மட்டுமே வென்றது என்று நாம் சொல்லமாட்டோம். திருட்டுக்கு அஞ்சிய சாதாரண ஜனங்களும் எதிராக ஓட்டளித்தனர். அந்த அச்சத்துக்கு வீடுவீடாகச் சென்று பதில் சொல்ல ஸ்தாபனம் வேண்டும். நல்லவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தால் மட்டும் போதாது, தோழர்களே! அதைத் தாங்கிப் பிடிக்கத் திரண்ட கரங்கள் வேண்டும்.