பெயர் இருக்கிறது, குரல் இல்லை



படுவான்கரையில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா, தீப்பெட்டி அளவான எம்.பி.3 பிளேயர் ஒன்றை என்னிடம் தந்தார். "தங்கச்சி, இதுக்குள்ள அவர்ர பேர் கிடக்கு. குரல்தான் வருதில்ல" என்றார்.

1990களில் மத்திய கிழக்கில் வேலை செய்த அவரது கணவர், கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்புவார். 2006இல் அவர் காணாமற் போனார். மிஞ்சியது ஒரேயொரு கசற். நாடா அறுந்துவிடுமோ என்ற பயத்தில், தைத்துச் சேர்த்த 4500 ரூபாவுக்கு அக்கா இந்த பிளேயரை வாங்கினார். நகரத்தில் கொடுத்து, முதலில் பாட்டுகளையும் கடைசியாக அந்தக் குரலையும் ஏற்றுவித்தார்.

பெட்டியில் 16 ஜி.பி. என்றிருந்தது. சாதாரண தரத்தில் ஏறக்குறைய 4000 பாட்டுகள் அதில் அடங்க வேண்டும். இதுவோ 500 பாட்டுக்குப் பிறகு பெயர்களை மட்டுமே காட்டியது. உள்ளே சிறிய நினைவகத்தை வைத்து, பெரிய அளவைக் காட்டும்படி செய்து விற்கும் போலிச் சாமான்கள் இப்படித்தான் ஏமாற்றும்.

கடைக்குப் போனோம். "ஏத்தினதில பிழை, விற்ற சாமான் திருப்பி எடுக்க மாட்டம்" என்றார் முதலாளி. அக்காவிடம் பில் இல்லை. வாங்கி ஐந்து மாதமும் கடந்திருந்தது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தரவேண்டும். குறைபாடு பற்றிய முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். பில்லில் திகதி, சாமானின் பெயர், உத்தரவாதக் காலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய வாரமே நிறைய ஏற்றி, கடைசிப் பாட்டு வரை போட்டுக் கேளுங்கள். பிழையென்றால் "பிறகு பார்ப்பம்" என்று விடாதீர்கள்.

அக்காவின் பணம் திரும்பவில்லை. ஆனால் கசற்றை அவர் எறியவில்லை. அதை மீண்டும் பதிந்து, நிலையத்துக் கணினியில் ஒன்றும் மகளின் தொலைபேசியில் ஒன்றுமாக வைத்திருக்கிறோம். பிரதி எடுத்துவிட்டோம் என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள், சகோதரிகளே. பிளேயர் இன்னொன்று வாங்கலாம். அந்தக் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மறுபடி குரல் கேட்டபோது அக்கா தையல் மெசினை நிறுத்திவிட்டார். "பிள்ளைகள் சாப்பிட்டதா எண்டு கேக்கிறார்" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.