பிழைச் செய்தியை மூடி மறைக்காதீர்கள்

இலங்கையில் மாவட்டங்கள் 25, சுகாதாரப் பிராந்தியங்கள் 26. அந்த மேலதிக ஒன்று எங்களுடையது. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரையான கரையோரம் நிர்வாகத்தில் அம்பாறை மாவட்டம்; சுகாதாரத்துக்கு மட்டும் கல்முனையில் தனிப் பிராந்தியப் பணிமனை. வாராந்த டெங்குப் பட்டியலிலும் அம்பாறைக்கு ஒரு வரி, கல்முனைக்கு இன்னொரு வரி.

ஊர் ஆட்களுக்கு இது பழகிய விசயம். கணினியில் அறிக்கை எடுக்கும் எங்களுக்குத்தான் தலையிடி. மருந்து விநியோகிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அறிக்கை தயாரிப்பது என் வேலை. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு சேலைன் அனுப்புவதென்று பார்க்க, டெங்கு எண்ணிக்கையை மாவட்டப் பட்டியலோடு இணைத்துக் கேட்டார்கள். கல்முனையை அம்பாறையின் கீழ் சேர்த்து, எஸ்ஏபி பிசினஸ் ஒப்ஜெக்ட்ஸ் என்ற அறிக்கை மென்பொருளில் ஓடவிட்டால், அம்பாறைக்கு நேரே எண்ணுக்குப் பதிலாக '#மல்டிவேல்யூ' என்று வந்து நின்றது. ஒரே கட்டத்துக்குள் இரண்டு பெறுமானங்கள் இருக்கின்றன, எதைக் காட்டட்டும் என்று மென்பொருள் கேட்கிறது.

தலைமையகத்திலிருந்து உடனே பதில் வந்தது: "தம்பி, மேக்ஸ் போட்டு விடுங்கோ, சரியாயிடும்." பெரிய எண்ணை மட்டும் எடுக்கும் அந்தக் கட்டளையைப் போட்டால் பிழைச் செய்தி போய்விடும், உண்மைதான். கூடவே இரண்டில் சின்ன எண்ணும் போய்விடும். கல்முனையில் நோயாளர் கூடின வாரத்தில் அம்பாறை நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் கணக்கில் இராது. அம்பாறைப் பக்கம் கூடினால் கல்முனைப் பிராந்தியத்துச் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் இராது. அறிக்கை பார்க்க வடிவாக இருக்கும், கூட்டத்தில் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். செய்ய வேண்டியது, வெறும் விவரமாகக் குறிக்கப்பட்டிருந்த அந்த எண்ணைக் கூட்டத்தக்க அளவாக மாற்றி, இரண்டு வரிகளையும் கூட்டுவதுதான். அதற்கு நேரம் தர மனம் வரவேண்டும்.

எனக்கு இதைவிடப் பயம், பிழையே காட்டாமல் ஓடி முடிகிற அறிக்கை. கல்முனையை அம்பாறையின் கீழ் சேர்க்காமல், பொருந்துகிற பெயர்களை மட்டும் எடுக்கும் இணைப்பைப் போட்டிருந்தால், 25 பெயர்களில் இல்லாத கல்முனை சத்தமில்லாமல் விழுந்திருக்கும். அடையாள அட்டை இலக்கத்திலும் இதே கதை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். ஒருவர் ஒரு பதிவில் பழைய இலக்கத்திலும் இன்னொன்றில் புதிய இலக்கத்திலும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் வினவலுக்கு அவர் இல்லாத ஆள். முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் பொருந்திவிடும். அந்தச் சில வரிகளை எழுதாமல், "உங்கட பதிவு இல்லை" என்று ஒரு வயதானவரைக் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்புவது அநியாயம்.

பெரிய நாடுகளும் தப்பவில்லை. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் கொவிட் முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. 15,841 தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் பிந்தியது.

ஆகவே நிறுவனங்களையும் அரச கந்தோர்களையும் கேட்கிறேன்: ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் மூலத்தில் எத்தனை பதிவுகள் இருந்தன, அறிக்கைக்குள் எத்தனை வந்தன என்று அச்சடியுங்கள். வித்தியாசம் இருந்தால் விடுபட்டவற்றைத் தனித் தாளில் எடுங்கள். புது மென்பொருள் வாங்கத் தேவையில்லை, இன்னொரு வினவல் போதும். அந்தத் தாளை அந்தந்த ஊர்க் கிளைக்கும் அனுப்புங்கள். கல்முனையைக் காணவில்லை என்பது கொழும்பில் இருப்பவர் கண்ணில் படாமல் போகலாம், எங்கள் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் பையன் பார்த்த உடனே சொல்வான். மாரி மழை தொடங்குமுன் இதைச் செய்து முடியுங்கள்; இந்தக் கரையில் டெங்கு கூடுவது மழைக்குப் பிறகுதான்.