இவரும் உடன் வரலாமா?



சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு குடும்பத்தைக் கண்டேன். நிக்காஹ் புடவை எடுப்பதற்காக வெளியூரிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். லுஹர் தொழுதுவிட்டு நான் அதே வழியாகத் திரும்பியபோதுதான் அவர்கள் பட்டுக்கடையைவிட்டு வெளியே வந்திருந்தனர். ஆண்கள் அனைவரும் அருகிலிருந்த அசைவ உணவகத்துக்குள் இலை போட்டு அமர்ந்திருந்தார்கள். பெண்களோ வெயிலில் நின்றிருந்த வேனுக்குள், மடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்து உண்டுகொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டி கை கழுவுவதற்காகச் சன்னல் வழியே கையை நீட்ட, ஒரு சிறுமி தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினாள்.

பல ஆயிரம் ரூபாய்க்குப் பட்டு வாங்கிய குடும்பம் அது. நான்கு நாற்காலிகளுக்கு அவர்களிடம் பணம் இல்லாமல் போயிருக்காது. அந்தப் பெண்களும் உள்ளே வந்து அமரலாம் என்ற எண்ணம் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்களுக்கே தோன்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் வீட்டிலும் இதுதான் வழக்கமாக இருந்தது.

எங்கள் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், செய்யாற்றின் கரையில் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய சிவாலயத்தால் வெளியூராருக்குத் தெரிந்த ஊர். ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான் ஓடும் என்று ஊரார் வேடிக்கையாகச் சொல்வார்கள். அத்தா அங்கே சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். சரக்கு எடுக்கக் காஞ்சிபுரத்துக்குப் போகும் நாள்களில் என்னையும் அண்ணனையும் முறை வைத்து அழைத்துச் செல்வார். சரக்கு எடுத்து முடித்ததும் உணவகத்தில் பரோட்டா. கல்லிலிருந்து எடுத்து இரு கைகளாலும் தட்டி உதிர்த்த பரோட்டா, அதன்மேல் ஊற்றிய சால்னா, பக்கத்தில் வெங்காயம். அந்த ஆவியையும் மணத்தையும் இப்போதும் என்னால் மறக்க இயலவில்லை. கிளம்பும்போது அத்தா மறக்காமல் சொல்வார்: "வீட்டுக்கு ஒரு பொட்டலம் கட்டுங்க."

வாழையிலை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் நூல். அந்தப் பொட்டலம் பேருந்துக் கூட்டத்தில் நசுங்கி, சால்னா கசிந்து, ஆறிப்போய் மாகறல் வந்து சேரும். அம்மா அதைப் பிரித்து, சால்னாவைச் சிறு சட்டியில் ஊற்றிச் சூடாக்குவார். பிறகு, "நீங்க சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு" என்று சொல்லி எங்கள் தட்டுகளிலேயே மீண்டும் வைப்பார். இறுதியில் அவருக்கு எஞ்சுவது அரைப் பரோட்டா. "ரொம்ப நல்லா இருக்கு" என்பார்.

அத்தா நல்ல மனிதர். பொட்டலமின்றி அவர் வீடு திரும்பிய நாள் எனக்கு நினைவில்லை. அது அன்புதான், அதில் ஐயமில்லை. ஆயினும், அந்தப் பரோட்டா சூடாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியும் தெரியாமலே இருந்தது.

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி உண்டு. பயான்களில் நான் அதை அரிதாகவே கேட்டிருக்கிறேன். நபி (ஸல்) அவர்களுக்குப் பாரசீகத்தைச் சேர்ந்த அண்டை வீட்டார் ஒருவர் இருந்தார். குழம்பு சமைப்பதில் கைதேர்ந்தவர். நம் வீடுகளில் ஆணம் என்போமே, அது. ஒருநாள் அவர் நபியவர்களுக்காகச் சமைத்துவிட்டு, அழைக்க வந்தார். நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களைச் சுட்டிக்காட்டி, இவரும் உடன் வரலாமா என்று கேட்டார்கள். அண்டை வீட்டார் இல்லை என்றார். அப்படியானால் தாமும் வரவில்லை என்று நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் மீண்டும் அழைத்தார். மீண்டும் அதே கேள்வி, அதே விடை, அதே மறுப்பு. மூன்றாம் முறை அவர் சரி என்றார். பிறகுதான் இருவரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக அந்த வீட்டுக்குச் சென்றார்கள்.

அழைத்தவர் கெட்டவர் அல்லர். உணவு ஒருவருக்கு மட்டுமே போதுமான அளவு இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கூறுவதுண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதை விளக்கும்போது, மனைவியை விட்டுவிட்டுத் தாம் மட்டும் உணவு உண்பதை நபியவர்கள் விரும்பவில்லை என்றும், இது நல்ல இல்லறத்தின் அடையாளம் என்றும் எழுதுகிறார். இதில் என்னைத் தடுத்து நிறுத்துவது வேறொன்று. நபியவர்கள் அந்த விருந்தை ஏற்றுக்கொண்டு, திரும்பும்போது ஒரு கிண்ணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் வாங்கி வந்திருக்கலாம். அண்டை வீடுதானே, ஆறிப்போயும் இருக்காது. அவர்கள் அதைச் செய்யவில்லை. நம் அத்தாமார்கள் செய்ததும், நாம் செய்வதும் அதைத்தான்.

பொட்டலத்தில் உணவு வீட்டுக்கு வந்துவிடுகிறது. உணவகத்தின் மற்ற அனைத்தும் அங்கேயே நின்றுவிடுகின்றன. நாள்தோறும் சமைக்கும் பெண்ணுக்கு வெளியே உண்பதன் இன்பம் பெரும்பாலும் சுவையில் இல்லை. வீட்டில் அவர் சமைப்பது பல உணவகங்களைவிட மேலாகவே இருக்கும். உட்கார்ந்திருப்பதில்தான் அந்த இன்பம் இருக்கிறது. வேறொருவர் இலை போட, வேறொருவர் பரிமாற, உண்டபின் பாத்திரம் துலக்காமல் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவதில் இருக்கிறது. பொட்டலத்தைக் கொடுத்தால் அதைப் பிரிப்பதும், சூடாக்குவதும், பங்கு வைப்பதும், இலையைக் குப்பையில் போடுவதும் மறுபடியும் அவர் வேலைதான்.

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் நோயுற்றுக் கிடந்தபோது தம் செல்வத்தை எவ்வளவு தர்மம் செய்யலாம் என்று கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்று தடுத்த நபியவர்கள், மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் நற்கூலி உண்டு என்பதையும் அதே பேச்சில் சேர்த்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. ஆகவே வீட்டாரை அழைத்துச் சென்று உணவளிப்பதை உலகக் கேளிக்கை என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எனக்குத் தெரியும். ஒழுக்கம், ஹிஜாப் என்று சிலர் சொல்வார்கள். பட்டுக்கடையில் அந்நிய விற்பனையாளர் எதிரே நான்கு மணி நேரம் அமர்ந்து புடவை பார்க்கலாம், பக்கத்து உணவகத்தில் கணவரோடும் பிள்ளைகளோடும் அரைமணி நேரம் அமரக் கூடாது என்பது எந்தக் கணக்கு? பேணுதலோடு ஓரமாக உள்ள மேசையில் அமர்ந்தால் போதும். செலவு என்பார்கள் இன்னும் சிலர். இது உண்மையான கவலைதான். ஆறு பேர் கொண்ட குடும்பம் உணவகத்துக்குச் சென்றால் ஒரு வாரத்துக்கான காய்கறிப் பணம் போய்விடும். அப்படியென்றால் மாதந்தோறும் போக வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை போகலாம். ஆனால் ஆண்கள் மட்டும் நண்பர்களோடு வாரந்தோறும் பிரியாணி உண்டுவிட்டு, குடும்பம் என்று வரும்போது மட்டும் சிக்கனம் பேசக் கூடாது.

மூன்றாவதாக ஒரு தடை உண்டு. அது நம் மனத்தில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. சிறு ஊர்களில் பல உணவகங்களில் கீழ்த்தளம் ஆண்களுக்கு. 'ஃபேமிலி ரூம்' என்பது மாடியில், செங்குத்தான குறுகிய படிகளுக்கு மேல். முழங்கால் வலியுள்ள ஒரு தாய் அதில் எப்படி ஏறுவார்? உணவகம் நடத்தும் நம் சகோதரர்கள் கீழே இரண்டு மேசைகளைத் திரையிட்டு ஒதுக்கினால் போதும். கை கழுவும் இடத்தையும் கழிப்பறையையும் தூய்மையாக வைத்தால் இன்னும் நல்லது. அது வியாபாரத்துக்கும் நன்மைதான். ஒரு தாய் வந்தால் குடும்பமே வரும்.

பெருநகரங்களில் இந்தக் குறை பெருமளவு நீங்கிவிட்டது. அங்கே நோய் வேறு. மேசை நிறைய வரவழைத்து, படம் பிடித்து, பாதியை விட்டுவிட்டு எழுகிறார்கள். உண்ணுங்கள், பருகுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளை அனுமதியையும் எல்லையையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: ஆறு பேருக்கு நான்கு பேரின் உணவைத்தான் முதலில் சொல்வோம். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்று நபியவர்கள் சொன்னது எவ்வளவு உண்மை என்பது பிறகு தெரியும். ஐந்தாவது தட்டு பெரும்பாலும் தேவைப்பட்டதில்லை. (பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு இந்தக் கணக்கைப் பொருத்த மறுக்கிறார்கள்.)

நேசத்துக்குரியவர்கள் என்றால் உறவினர் மட்டும்தானா? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஒரு நெசவாளி நண்பர் இருக்கிறார். முப்பது ஆண்டுப் பழக்கம். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைப் புடவையை நெய்யும்போது, ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள அவருக்கு இன்னொருவர் துணை வேண்டும். பல ஆண்டுகளாக அந்தத் துணை அவர் மனைவிதான். அவர் வீட்டில் இறைச்சி இல்லை. எனவே நாங்கள் சேர்ந்து உண்பது காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, நெய் விட்டு, மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் ஆவியில் வேகவைப்பது அதன் பழைய முறை. வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படுவதால் கோயில் இட்லி என்றும் சொல்வார்கள். படைத்ததை நாம் உண்பதில்லை என்பது நண்பருக்குத் தெரியும். ஒருநாளும் அதை எனக்கு நீட்டியதில்லை. உணவகத்தில் விற்பனைக்கென்று அவிப்பதைத்தான் நாங்கள் உண்போம். நானும் அவரும் எத்தனை முறை அப்படி அமர்ந்திருக்கிறோம்! தறியில் அவரோடு சரிபாதியாக அமரும் அவர் மனைவி ஒருமுறைகூட எங்களோடு வந்ததில்லை என்பது எனக்கு அண்மையில்தான் உறைத்தது. என் மனைவியும் வந்ததில்லை. நாங்கள் இருவரும் இருவேறு மார்க்கத்தினர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மத்ஹப்.

அத்தா மவுத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வேனில் இருந்த அந்த மூதாட்டியைக் கண்ட மறுவாரம் அம்மாவைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துச் சென்றேன். மனைவியும் பிள்ளைகளும் உடன் வந்தார்கள். உணவகத்துக்கு என்றதும், "எதுக்குப்பா வீண் செலவு? எனக்கு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்தா போதாதா?" என்றார். கீழ்த்தளத்திலேயே குடும்பங்களுக்கு இடம் உள்ள உணவகமாக முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன்.

உள்ளே வந்ததும் புர்காவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் அமர்ந்தார். யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். விலைப்பட்டியலைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் விலைக்கும் வருத்தப்பட்டார். பரோட்டா வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு விள்ளலைப் பிய்த்து வாயில் வைத்தவர், சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, வழக்கம்போல், தம் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைக்கக் கை நீட்டினார். அப்போது பரிமாறும் பையன் வந்து, "அம்மா, இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

அம்மாவுக்கு அவன் யாரைக் கேட்கிறான் என்று புரியவில்லை. என்னைப் பார்த்தார். "உங்களைத்தான் கேக்கிறார்மா" என்றேன். இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்டவர் அவர். அவரிடம் அதைக் கேட்டவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தேன். என் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"வைப்பா" என்றார்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசும்போது அம்மாவே அந்தப் பேச்சை எடுத்தார். அடுத்தமுறை போகும்போது பக்கத்து வீட்டு அம்மாளையும் அழைத்துப் போகலாமா என்று கேட்டார். அவரும் தனியாக இருக்கிறாராம், வெளியே எங்கும் போனதில்லையாம். தாராளமாக என்றேன்.

"ஆனா அவங்க கறி சாப்பிடமாட்டாங்களே" என்றார் அம்மா, குரலில் கொஞ்சம் கவலையோடு.

இந்தமுறை இட்லிதான், இன்ஷா அல்லாஹ். நெசவாளி நண்பரிடமும் வீட்டாரோடு வரச் சொல்லியிருக்கிறேன்.