புரசைவாக்கத்துத் திருவேங்கடம்

திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் இருக்கும் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி 1943 முதல் போதகர்களை உருவாக்கி வருகிறது. அது வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் செனட்டோடு இணைந்த கல்லூரி. அந்தச் செராம்பூரின் மிஷனரிகளோடு ஊழியம் செய்த வில்லியம் ஆடம், ராம்மோகன் ராயோடு உட்கார்ந்து நற்செய்தி நூலை வங்காள மொழியில் பெயர்த்தார். மொழிபெயர்ப்பு விவாதத்தில் முடிந்தது. 1821-ல் ஆடம் திரித்துவத்தை விட்டு, கடவுள் ஒருவரே என்னும் யூனிடேரியன் ஆனார். வங்காளத்தின் இந்தக் கதை நன்றாகத் தெரிந்தது. அதற்கு 26 ஆண்டு முன்பே சென்னையில் ஒரு தமிழர் அதே முடிவுக்கு வந்திருந்தார். அவர் பெயரை நம் போதகர்களிலேயே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

திருவேங்கடம் வெள்ளாளர் என்கிற வில்லியம் ராபர்ட்ஸ், வெள்ளைக்காரர்களிடம் பணியாளாக இருந்து இங்கிலாந்து வரை போனவர். இந்துவாகப் பிறந்தார், இஸ்லாத்தில் சில காலம் இருந்தார், பிறகு ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தார். எங்கே போனாலும் கடவுள் ஒருவரே என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஜோசப் பிரீஸ்ட்லி, தியோபிலஸ் லிண்ட்சே ஆகியோரின் எழுத்துகளில் அந்த எண்ணத்துக்குத் துணை கிடைத்தது. 1795-ல் சபை கூட்டினார். தெற்குத் திருவிதாங்கூரின் மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே வந்ததே 1806-ல்தான்.

1813-ல் சென்னைப் புரசைவாக்கத்தில் அந்தச் சபைக்கென்று ஓர் ஆலயம் எழுந்தது. திரித்துவத்தை மறுப்பது குற்றமல்ல என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் செய்ததும் அதே 1813-ல். அதுவரை லண்டனிலேயே சட்டத்தின் நிழல் தலைமேல் இருந்த கொள்கையை, சென்னையில் ஒரு வேலைக்காரர் தமிழில் கற்பித்துக்கொண்டிருந்தார்.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது அவருடைய தமிழ் ஜெபமுறைதான். ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப்புத்தகத்தைத் தழுவி, திரித்துவச் சொற்களை நீக்கி அதை அமைத்தார். எங்கள் ஞாயிறு ஆராதனையில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று வாய் தானாகச் சொல்லி முடிக்கிறது. பழகிப்போன அந்த முடிவை எடுத்துவிட்டு, சபையார் தடுமாறாமல் ஜெபத்தை முடிக்க வழிசெய்வது லேசான வேலையல்ல. வேதமும் தெரிந்திருக்க வேண்டும், தமிழின் ஓட்டமும் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியும் அவருக்குப் பட்டம் தரவில்லை. இறையியல் கற்பிப்பவரின் வேலை இதுவன்றி வேறென்ன?

1838-ல் அவர் காலமானார். மகன் சபையை ஏற்று நடத்தினார். திரித்துவத்தை நம்புகிற நானும் கேட்கிறேன்: நம் இறையியல் வகுப்புகளில் ஆடமுக்கு முன்னால் திருவேங்கடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.