நாய்களுக்கும் ஒரு பகற்காப்பகம்

தம்பதிகள் இருவரும் காலையில் உத்தியோகத்திற்குப் புறப்பட்டு அந்தியில் திரும்பும்வரை, அடுக்ககத்தின் பூட்டிய கதவுக்குப் பின்னே தனித்துக் கிடக்கும் நாய் நாற்காலிக் காலைக் கடித்துக் குதறுவதையும் ஓயாமல் ஊளையிடுவதையும் துஷ்டத்தனமென்று வைகிறவர்கள், அது தனிமையின் விளைவாயிருக்கலாமென்று யோசிப்பதில்லை. அத்தகைய ஜீவனுக்குப் பகற்காப்பகம் பேருபகாரமே. ஆயினும் பத்து நாய்களை ஒரே முற்றத்தில் அவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்துவது காப்பகமன்று, கலகம்.

நல்ல காப்பகத்தார் வெறிநோய்த் தடுப்பூசி முதலியவற்றின் அத்தாட்சியைப் பார்த்து, புதிதாய் வந்த நாயின் சுபாவத்தைப் பரீட்சித்து, உருவமும் விளையாட்டு முறையும் ஒத்தவற்றோடு சிறு குழுவாகச் சேர்ப்பார்கள். முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தை உயர்த்தும் நாய் விளையாட அழைக்கிறது. உடல் விறைத்து, இமை கொட்டாமல் உற்று நோக்குவதோ சண்டைக்கு ஆயத்தமாகிறது. இவ்வித்தியாசத்தைக் கண்ட க்ஷணத்தில் குறுக்கிட்டுப் பிரிக்கத் தெரிந்த பணியாளரே அங்கு மூலதனம். குளிர்சாதனமும் சித்திரச் சுவர்களும், என் அபிப்பிராயத்தில், எஜமானர்களுக்கான அலங்காரம்.

நண்பகல் விச்ராந்தியும் அவசியம். ஓய்வின்றி விளையாடும் நாய், தூக்கம் கெட்ட குழந்தையைப்போல் எரிச்சலுற்றுக் கடிக்கத் துணியும். குட்டிகளுக்குப் பிற நாய்களின் சகவாசம் விசேஷப் பயனுடையது: ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1965-இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 3 முதல் 12 வாரப் பருவத்துப் பழக்கம் பிற்காலச் சுபாவத்திற்கு மிக முக்கியமென விளக்கினர். கிழநாய்க்கும், கூட்டத்தைக் கண்டு நடுங்கும் நாய்க்கும் பகற்காப்பகம் பொருந்தாது. நம்பகமான ஒருவர் மத்தியானத்தில் வந்து சற்று நடத்திச் சென்றாலே அவற்றுக்குப் போதும்.