அகதிகள் வாசித்த ஹைடன்

"டொராற்றியையா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?"

அண்மையில் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் என் அலுமாரியிலிருந்த இறுவட்டுகளைக் கண்டதும் கேட்ட கேள்வி இது. அதில் வியப்பைவிட அனுதாபமே மிகுந்திருந்தது. மேலைத்தேய சாஸ்திரீய இசையை ஊன்றிக் கேட்பவர் அவர். அவருக்கு அன்று நான் சொல்லத் தவறிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

விவகாரம் ஜோசப் ஹைடனின் ஆரம்பகாலச் சிம்பொனிகள் பற்றியது. 1761 மே மாதம், தமது 29ஆவது வயதில், எஸ்ரர்ஹாசி பிரபுவின் அரண்மனையில் துணை இசைப் பொறுப்பாளராகச் சேர்ந்தார் ஹைடன். சீருடை அணிந்து, தினமும் முன்னறையில் காத்திருந்து கட்டளை பெறவேண்டும் என்பது ஒப்பந்தம். அங்கே அவர் முதலில் எழுதியவற்றுள் அடங்குபவை 'காலை', 'நண்பகல்', 'மாலை' எனப் பெயர்பெற்ற 6ஆம், 7ஆம், 8ஆம் சிம்பொனிகள். இவற்றில் தம் கீழிருந்த கலைஞர்கள் பலருக்கும் தனித்து வாசிக்க இடம் கொடுத்தார். எப்போதும் பின்வரிசையில் நிற்கும் டபிள் பேஸ் வாத்தியத்துக்குக்கூட மூன்று சிம்பொனிகளின் மினுவெற் பகுதிகளிலும் தனி இடம் உண்டு. இதனைப் 'பயிற்சிக்கால எழுத்து' என்று ஒதுக்குவோர் இந்த இசையைக் காதால் கேட்டதில்லை என்பதே என் முடிவு.

நண்பரின் வாதம் எளிமையானது. ஹைடனிடம் இருந்தவர்கள் ஏறத்தாழப் பதினைந்து பேர்; நரம்புத் தந்தி பூட்டிய வயலின்கள். டொராற்றியிடம் இருந்ததோ நவீன வாத்தியங்களும் அதனிலும் பெரிய குழுவும். ஆகவே அது பிழை. அதைத் தூக்கி எறியவேண்டும்.

முதற் பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ட்ரெவர் பினொக் தமது குழுவுடன் 1980களில் பதிவு செய்த 'காலை'யைக் கேளுங்கள். மினுவெற்றின் நடுப்பகுதியில் பசூனும் டபிள் பேஸும் இரண்டு மனிதர்கள் உரையாடுவது போல் தனித்தனியே கேட்கின்றன. டொராற்றியிடம் அந்தத் துலக்கம் குறைவு. அவருடைய மினுவெற்றுகள் பல பாரமாக நடக்கின்றன. இதை மறைக்க நான் அவருடைய வக்கீல் அல்லன்.

ஆனால் 'உண்மையான ஹைடன்' என்ற கொடியைப் பிடிப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஒன்றுபட்டவர்களா? 1990களின் தொடக்கத்தில் ரோய் குட்மன் தம் பதிவுகளில் ஹாப்சிகோட்டை ஓங்கி ஒலிக்கச் செய்தார். அதே காலத்தில் கிறிஸ்ரோபர் ஹொக்வூட் அந்த வாத்தியத்தையே விலக்கினார். ஹைடன் வயலினில் இருந்தபடியே குழுவை நடத்தினார், விசைப்பலகை வாத்தியம் அங்கே இருக்கவில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் வெப்ஸ்ரர் 1990இல் வாதிட்டிருந்தார். பினொக்கோ ஹாப்சிகோட்டில் அமர்ந்தே வழிநடத்தினார். எல்லோரும் பழைய வாத்தியக்காரர்கள். எல்லோரும் வரலாற்றைச் சாட்சிக்கு அழைப்பவர்கள். ஒரே சாட்சி வெவ்வேறு வாக்குமூலம் அளித்தால் நீதிமன்றம் என்ன செய்யும்? குட்மனின் தொடரும் ஹொக்வூட்டின் தொடரும் முற்றுப்பெறாமலே இடைநடுவில் நின்றுபோயின என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

டொராற்றி தொடங்கியதை முடித்தார். 1969 முதல் 1972 வரையான காலத்தில், எச். சி. ரொபின்ஸ் லண்டன் பாடுபட்டுச் செப்பனிட்ட இசைப் பிரதிகளைக் கொண்டு, அத்தனை சிம்பொனிகளையும் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். அதற்குமுன் உலகின் பெரும்பாலான இசைப் பிரியர்களுக்கு ஹைடன் என்றால் கடைசிக்கால லண்டன் சிம்பொனிகளும் பட்டப்பெயர் பெற்ற இன்னும் சிலவும் மட்டுமே. 3ஆம், 13ஆம் சிம்பொனிகளை வீட்டிலிருந்தபடியே கேட்கலாம் என்ற நிலையைப் பலருக்கு உண்டாக்கியது அந்தத் தொகுதிதான். இன்று அதைக் குறைகூறுபவர்களில் எத்தனை பேர் அதிலேதான் முதலில் ஹைடனைக் கற்றார்கள்?

அந்த வாத்தியக் குழு யாருடையது என்பதையும் நண்பர் கவனிக்கவில்லை. பில்ஹார்மோனியா ஹங்காரிக்கா, 1956 ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டபின் நாட்டைவிட்டு ஓடிவந்த கலைஞர்கள் வியன்னாவுக்கு அருகே 1957இல் அமைத்த குழு. பின்னர் மேற்கு ஜேர்மனியின் மார்ல் என்ற சிறு நகரில் தங்கியது. டொராற்றியும் புடாபெஸ்ரில் பிறந்தவரே. எஸ்ரர்ஹாசி குடும்பமோ ஹங்கேரியப் பிரபுக் குடும்பம். தம் மண்ணோடு தொடர்புபட்ட இசையை அந்நிய மண்ணிலிருந்து அகதிகள் வாசித்தார்கள். பனிப்போர் முடிந்தபின் காலப்போக்கில் அரச உதவி நின்றது. 2001இல் குழு கலைக்கப்பட்டது.

அகதி என்ற சொல்லின் கனம் அறிந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். அதற்காக அவர்களின் வாசிப்புக்கு இரக்கப்பட்டுப் புள்ளி போடும்படி கேட்கவில்லை. 'காலை'யின் தொடக்கத்தில் சூரியன் எழும் அந்தச் சில கணங்களை அவர்கள் வாசிப்பதைக் கேளுங்கள். அவசரமில்லை, பகட்டுமில்லை. ஒளி தானாகவே பரவுகிறது. இதற்கு எந்தச் சலுகைப் புள்ளியும் தேவையில்லை.

ஜொவானி அன்ரோனினி 2014இல் தொடங்கிய புதிய தொடர், ஹைடனின் முந்நூறாவது பிறந்த ஆண்டான 2032இல் நிறைவுறவேண்டும் என்பது திட்டம். துடிப்பான வாசிப்பு, நானும் விரும்பிக் கேட்கிறேன். அது முடியும்போது எனக்கு எண்பதை நெருங்காவிட்டாலும் அறுபது கடந்திருக்கும். அப்போதும் என் அலுமாரியில் இரண்டும் அருகருகே இருக்கும்.

நண்பரே, மூன்று சிம்பொனிகளுக்கு மட்டும் ஒரு பதிவு வேண்டுமாயின் பினொக்கையே வாங்குங்கள், நானே சிபாரிசு செய்கிறேன். ஆனால் டொராற்றியைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள். நீங்கள் இன்று நின்றுகொண்டு குறை சொல்லும் திண்ணையைக் கட்டியவர்கள் அவர்கள்.